நகரை விட்டு நகரும் தொழில்கள்



நம்மில் பெரும்பாலோர் ஊரை விட்டு வந்தது தொழிலைத் தேடித்தான். தொழில் எங்கே இருந்ததோ அங்கே நாம் சென்றோம். பம்பாயின் துறைமுகமும் பஞ்சாலைகளும் நம்மவரை அழைத்தன. கோலார் தங்க வயல் அழைத்தது. பெங்களூரில் பின்னி ஆலையும், 1940இல் தோன்றிய விமானத் தொழிற்சாலையும், 1948இல் தோன்றிய டெலிபோன் தொழிற்சாலையும் அழைத்தன. வந்த இடத்தில் குடக்கூலிக்கு வீடு பிடித்தோம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம், கோயில் எழுப்பினோம், சங்கம் வைத்தோம். இவ்வாறு நாம் வேரூன்றிய பின்னர், நம்மை அழைத்து வந்த தொழிலே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வேறிடம் புறப்படுமானால் நம் நிலை என்ன? அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் சிறிது ஆராயப் போகிறோம்.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊர் வேண்டும். ஆனேக்கல் என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில் 'ஆனெ' என்றால் யானை; 'கல்லு' என்றால் கல். மதுரையில் வைகைக் கரையிலுள்ள யானைக்கல்லை அறிந்தவர்களுக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது. பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் ஓசூர் வட்டத்தை ஒட்டி அமைந்தது ஆனேக்கல் தாலுக்கா. கேழ்வரகு வயல்களும், பட்டுத் தறிகளும், ஏரிகளும், பன்னேர்கட்டா காடும் இதன் பழைய அடையாளங்கள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் பூமி இது. சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் ரயிலில் வருவோர் ஆனேக்கல் சாலை என்ற நிலையத்தைக் கடந்தே நகரத்துக்குள் நுழைகிறார்கள்.

இந்தத் தாலுக்காவின் ஊர்ப் பெயர்களை இன்று உலகம் வேறு காரணத்துக்காக அறியும். பொம்மசந்திரம், ஜிகணி, அத்திப்பள்ளி, ஹெப்பகோடி, வீரசந்திரம் ஆகியவை வெறும் கிராமங்களாக இருந்த காலம் போய், தொழிற்பேட்டைகளின் பெயர்களாகிவிட்டன. 1978இல் கர்நாடக அரசின் மின்னணுவியல் கழகம், ஆர். கே. பாலிகா அவர்களின் முயற்சியால், ஓசூர் சாலையில் 332 ஏக்கர் நிலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியைத் தொடங்கியது. நகரத்திலிருந்து இவ்வளவு தொலைவில் யார் போய் வேலை செய்வார்கள் என்று பலர் எண்ணியிருக்கலாம். ஆனால் 1994இல் இன்போசிஸ் நிறுவனம் தன் தலைமை அலுவலகத்தை அங்கே மாற்றியது. 1978இல் நகரத்துக்குள் ஒரு வாடகை வீட்டின் கார்க் கொட்டகையில் பிறந்த பயோகான், ஓசூர் சாலைக்கும் பொம்மசந்திரத்துக்கும் வந்து வளர்ந்தது. நாராயண இருதயாலய மருத்துவமனை பொம்மசந்திரத்தில் எழுந்தது. 2010இல் சுங்கம் கட்டிச் செல்லும் மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் பொம்மசந்திரம் வரையில் ஓடத் தொடங்கியது. ஒரு தலைமுறைக் காலத்தில் கேழ்வரகுக் கொல்லை ஆலைக் கூடமாயிற்று.

தொழில்கள் நகரத்தை விட்டு இவ்வாறு வெளியேறுவது ஏன்? 'வரி குறைவு, அதனால் போகிறார்கள்' என்பது எல்லோரும் சொல்லும் விடை. இதில் உண்மை உண்டு; ஆயினும் முழு உண்மை இல்லை. வரி என்ற ஒரே சொல்லுக்குள் பலவகை வரிகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

முதலாவது, வாசல் வரி. நகர எல்லைக்குள் சரக்கு நுழையும்போது சாவடியில் வண்டியை நிறுத்தி வாங்கிய நுழைவு வரியைத்தான் ஆக்ட்ராய் என்றோம். பம்பாயில் வாழும் நேயர்களுக்கு முலுந்து, தஹிசர் சாவடிகளில் காத்து நின்ற லாரி வரிசைகள் நினைவிருக்கும். சாவடிக்கு வெளியே சரக்கை இறக்கி வைத்தால் வரி இல்லை. பிவண்டியில் கிடங்குகள் பெருகியதற்கு இது ஒரு காரணம். கர்நாடகத்தில் ஆக்ட்ராய் 1979இல் ஒழிக்கப்பட்டு, அதற்கு ஈடாக வேறொரு நுழைவு வரிச் சட்டம் வந்தது. பம்பாயிலோ அது 2017 ஜூலை முதல் தேதி வரையில் நீடித்தது. சரக்கு-சேவை வரி என்னும் ஜி.எஸ்.டி. வந்த அன்றுதான் அந்தச் சாவடிகளுக்கு ஓய்வு கிடைத்தது.

இரண்டாவது, விற்பனை வரி. இதைப் பற்றிப் பேசும்போது ஆனேக்கலுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரை நினைக்காமல் இருக்க முடியாது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் ராஜாஜி. சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தபோது, 1937இல் அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளு வருமானம் போன இடத்தை நிரப்ப வேண்டுமே! அதற்காக 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டு வந்தார். பின்னர் நாடு முழுவதும் மாநிலங்களின் பெரும் வருவாயாக வளர்ந்தது அந்த வரியே. அதே வரிதான் பிற்காலத்தில் அவர் பிறந்த மண்ணின் தலைவிதியையும் மாற்றியது என்பது சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று.

எப்படி என்றால், விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. ஒரு மாநிலம் தன் பின்தங்கிய பகுதிக்குத் தொழிலை இழுக்க விரும்பினால், சில ஆண்டுகளுக்கு அந்த வரியைத் தள்ளுபடி செய்யலாம். அல்லது பின்னால் கட்டினால் போதும் என்று தவணை தரலாம். 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம், எல்லையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே உள்ள ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. பெங்களூரின் தட்பவெப்பம், பெங்களூரின் தொழில் திறன், பெங்களூரின் விமான நிலையம் அனைத்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் நிலமும் சலுகையும் தமிழ்நாட்டினுடையவை. 1980இல் அசோக் லேலண்டு தொழிற்சாலை வந்தது. டி.வி.எஸ். மொபெட் வந்தது. எண்பதுகளின் நடுவில் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் கூடி நிறுவிய டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது.

இந்த டைட்டன் நிறுவனத்தின் முகவரியே நமக்கு ஒரு பாடம். அதன் பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட் வளாகத்தில் உள்ளது. நிர்வாகத் தலைமை அலுவலகமோ ஆனேக்கல் தாலுக்காவைச் சேர்ந்த வீரசந்திரத்தில், எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியை ஒட்டி உள்ளது. ஒரே நிறுவனத்தின் கை ஒரு மாநிலத்தில். தலை மற்றொரு மாநிலத்தில். இடையில் இருப்பது ஒரு சாலையும் ஓர் எல்லைக் கல்லும். அண்மைக் காலத்திலும் இதையே காண்கிறோம். மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் நிறுவனம் பெங்களூர் வைட்பீல்டில் உற்பத்தி செய்து வந்தது. 2021இல் ஓசூரில் பெரிய தொழிற்சாலையைத் திறந்தது. தலைமை அலுவலகம் மட்டும் பெங்களூரிலேயே நின்றது.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு எல்லையின் பொருள் மாறிவிட்டது. 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டப்படி, மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் சரக்கின் வரி, சரக்கு புறப்பட்ட மாநிலத்துக்குச் சென்றது. அந்த வரியைத் தவிர்க்க, விற்பனை செய்யாமல் தன் சொந்தக் கிடங்குக்கு அனுப்புவதாகக் காட்டுவார்கள். அதனால் எல்லையின் இரு பக்கமும் ஒரே கம்பெனிக்கு இரண்டு கிடங்குகள்; அத்திப்பள்ளியில் வணிக வரிச் சாவடி; லாரிக்காரர் கையில் கட்டுக்கட்டாகப் படிவங்கள். ஜி.எஸ்.டி.யில் வரி, சரக்கை நுகரும் மாநிலத்துக்குச் செல்கிறது. வீதமும் நாடெங்கும் ஒன்று. சாவடி போயிற்று, இரட்டைக் கிடங்குக்கும் தேவை குறைந்தது. ஆயினும் சலுகைப் போட்டி அடியோடு நின்றுவிடவில்லை. வரியை வாங்கிவிட்டுப் பின்னர் மானியமாகத் திருப்பித் தருவது, நிலப் பதிவுக்கு முத்திரைக் கட்டணத்தைத் தள்ளுவது, மின்சார வரியை விலக்குவது என்று அது வேறு உருவம் எடுத்துள்ளது.

மூன்றாவது, சொத்து வரி. நம் அன்றாட வாழ்வுக்கு மிக நெருங்கியது இதுவே. மாநகராட்சி எல்லைக்குள் ஒரு வாணிபக் கட்டடத்துக்கு விதிக்கும் வரி வேறு; எல்லைக்கு வெளியே கிராமப் பஞ்சாயத்தோ சிறு நகராட்சியோ விதிக்கும் வரி வேறு. வெளியே அது குறைவு. 2007இல் பெங்களூர் மாநகராட்சி பெருநகர மாநகராட்சியாக விரிந்தபோது ஏழு நகராட்சிகளும் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களும் அதற்குள் வந்தன. ஆனேக்கல் தாலுக்காவின் தொழில் ஊர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றன. கோடு எங்கே முடிகிறதோ அங்கே நில விலையும் இறங்குகிறது, வரியும் இறங்குகிறது.

ஆனாலும் வரி ஒன்றுக்காகவே ஒரு முதலாளி ஆலையைப் பெயர்த்துக்கொண்டு போவதில்லை. ஒரு தொழிற்சாலையின் மொத்தச் செலவில் சொத்து வரி சிறு பகுதியே. விரிந்த நிலம், லாரி வந்து திரும்பும் இடம், நெடுஞ்சாலை, தடையில்லா மின்சாரம், இவையே முதலில் அவர் தேடுபவை. நகரத்துக்குள் இருந்த பழைய ஆலையின் நிலம் தங்க விலைக்குப் போகும். அந்தப் பணத்தில் வெளியே இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டலாம். குறைந்த வரி தராசுத் தட்டில் கடைசியாக வைக்கும் எடைக்கல் போன்றது. தட்டுகள் சமமாக நிற்கும்போது மட்டுமே அந்தக் கல் பலிக்கும். இதை அறியாத அரசாங்கம் வரியைக் குறைத்துக்கொண்டே போகும். தொழிலும் வராது, வருமானமும் போய்விடும்.

இனி, இதில் நமக்கு என்ன என்ற கேள்விக்கு வருவோம். தொழில் எங்கே போனால் என்ன, கூலி கிடைத்தால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். அன்பர்களே, வரி என்பது முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் நடக்கும் கணக்கு வழக்கு மட்டும் அன்று. நம் வீட்டு வாசலில் ஓடும் சாக்கடை, பிள்ளை படிக்கும் பள்ளியின் கூரை, இரவில் வேலை முடிந்து வரும் பெண் நடக்கும் தெருவின் விளக்கு, யாவும் அந்த வரியிலிருந்து வருபவை. ஆதலால் தொழில் எங்கே இருக்கிறது என்பதோடு, அதன் வரி எந்த ஊருக்குச் சேர்கிறது, தொழிலாளி எந்த ஊரில் வாழ்கிறான் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே ஊராக இருந்தால் நலம். வெவ்வேறாக இருந்தால் தொல்லை.

ஆனேக்கல் பக்கம் பெரும்பாலும் அவை வெவ்வேறாகவே இருக்கின்றன. நம் அரசியலமைப்பின் 243கியூ பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு தொழில் நிறுவனம் தானே நகர வசதிகளைச் செய்து தரும் பகுதியைத் தொழில் நகரியம் என அறிவித்து, அங்கே நகராட்சி அமைக்காமல் விடலாம். 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தத்தால் வந்தது இது. இந்த ஏற்பாட்டின் வழியில் 2013இல் எலெக்ட்ரானிக்ஸ் சிட்டிக்குத் தனித் தொழில் நகரிய ஆணையம் அமைந்தது. அங்கே வசூலாகும் சொத்து வரியின் பெரும் பகுதி அங்கேயே செலவாகிறது. அருகிலுள்ள பஞ்சாயத்துகளுக்கு ஒரு பங்கு தரும் ஏற்பாடும் உண்டு. அதன் பயனும் கண்ணுக்குத் தெரிகிறது: ஒழுங்கான சாலைகள், நிழல் மரங்கள், கண்காணிப்பு, விளக்கு. ஆனால் அந்த வளாகங்களில் தரை துடைப்பவரும், உணவு சமைப்பவரும், காவல் நிற்பவரும், கட்டடம் கட்டுபவரும் வேலியின் அப்புறத்தில் உள்ள கிராமங்களில் ஒற்றை அறைகளில் வாழ்கிறார்கள். அவர்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து நம்மவர் பலர். ஒரிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவரும் பலர். வேலிக்குள் வரி இருக்கிறது. வேலிக்கு வெளியே ஜனங்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு அருகில் 'சிட்டி ஆஃப் இண்டஸ்ட்ரி' என்ற பெயரிலேயே ஒரு நகரம் 1957இல் அமைந்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலைக்கு வருகிறார்கள். குடியிருப்பவர் சில நூறு பேரே. ஆலைகளின் வரிப்பணம் அந்தச் சிறு நகரத்தில் தங்கிவிட, தொழிலாளர்கள் வாழும் அக்கம்பக்கத்து ஊர்கள் பள்ளிக்கும் பூங்காவுக்கும் வேறு வழி தேட வேண்டியிருந்தது. ஆனேக்கல் பக்கத்து நிலைமை அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் பாதை அதே திசையில் செல்லாதபடி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

தொழில்வரியிலும் இதே சிக்கலைக் காணலாம். தமிழ்நாட்டில் தொழில்வரியை உள்ளாட்சி மன்றங்களே வசூலித்துக் கொள்கின்றன. கர்நாடகத்தில் அது மாநில அரசுக்குச் செல்கிறது. அரசியலமைப்பு விதித்த உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய். ஓசூரில் குடியிருந்து நாள்தோறும் எல்லை தாண்டிப் பொம்மசந்திரத்துக்கு வேலைக்கு வரும் ஒருவரின் தொழில்வரி பெங்களூருக்குச் செல்கிறது. அவர் குப்பையை அள்ளுவதும், அவர் குழாய்க்குத் தண்ணீர் விடுவதும் 2019இல் மாநகராட்சியான ஓசூரின் கடமை. குறை சொல்ல இதில் யாரும் இல்லை. கோடுகள் ஒரு காலத்தில் போடப்பட்டவை. வாழ்க்கை அந்தக் கோடுகளை மீறி வளர்ந்துவிட்டது.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழில் வந்த ஊர்களில் ஏரி கழிவுநீர்த் தொட்டியாகும் அபாயம் உண்டு. ஹெப்பகோடி ஏரி அவ்வாறு கெட்டு, பின்னர் பெரும் செலவில் சீர்திருத்தப்பட்டது. 2024 கோடையில் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்தபோது, லாரித் தண்ணீரையும் ஆழ்குழாய்க் கிணற்றையும் நம்பிய புறநகர்களே முதலில் வாடின. குறைந்த வரி என்று பெருமை கொண்டாடும் ஊர், ஏரியைக் காக்கவும் குழாய் பதிக்கவும் பணம் இல்லாமல் நிற்குமானால், அந்தக் குறைந்த வரியின் மீதியை ஏழை மக்கள் தண்ணீர் லாரிக்குக் கட்டுகிறார்கள் என்றே பொருள்.

இதற்கு மாற்று வழி உண்டா? பிற நாடுகள் இதே நோயைக் கண்டு செய்துள்ள மருந்துகளைப் பார்ப்போம்.

ஜெர்மனியில் ஒவ்வோர் ஊராட்சியும் தொழில் வரியின் பெருக்கு வீதத்தைத் தானே தீர்மானிக்கிறது. மியூனிக் நகரில் அது 490. அதை ஒட்டிய குரூன்வால்டு என்ற சிற்றூரில் 240. எளிய கணக்கில் சொன்னால், மியூனிக்கில் லாபத்தின் மீது ஏறத்தாழ 17 சதவீதம். குரூன்வால்டில் எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அதனால் அச்சிற்றூரில் எத்தனையோ கம்பெனிகளின் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. பூஜ்ய வரி வைத்துக் கம்பெனிகளை இழுக்கும் ஊர்களைத் தடுக்க, எந்த ஊரும் 200க்குக் கீழே இறங்கக் கூடாது என்று 2004இல் அந்நாடு ஓர் அடிவரம்பு வைத்தது.

அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி என்னும் மாநகரம் இரு மாநிலங்களின் எல்லையில் பரந்துள்ளது. ஒரே தெருவின் இரு பக்கமும் இரு மாநிலங்கள். இந்தப் பக்கத்துக் கம்பெனியை அந்தப் பக்கம் இழுக்க ஒரு மாநிலம் வரியை விட்டுக்கொடுக்கும். மறு ஆண்டு மற்ற மாநிலம் பழி வாங்கும். தொழிலாளி அதே வீட்டில் இருப்பான். வண்டியை வலப்பக்கம் திருப்புவதற்குப் பதில் இடப்பக்கம் திருப்புவான். புதிய வேலை ஒன்றும் பிறப்பதில்லை. இரண்டு கருவூலங்களும் மெலிவதே பலன். கடைசியில் 2019இல் மிசௌரியும் கன்சாஸும் இந்த இழுபறியை நிறுத்த உடன்பாடு கண்டன. அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே நிற்கும் நமக்கு இது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

மூன்றாவது உதாரணமே நமக்கு மிகப் பொருத்தமானது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1971இல் ஒரு சட்டம் செய்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களும் அவற்றைச் சுற்றியுள்ள ஏழு மாவட்டங்களின் ஊர்களும், அவ்வாண்டுக்குப் பின் தத்தம் எல்லையில் வளரும் தொழில், வாணிபச் சொத்து மதிப்பில் 40 சதவீதத்தைப் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். தொகுப்பிலிருந்து, ஜனத்தொகை மிகுந்து வருவாய் குறைந்த ஊர்களுக்கு அதிகப் பங்கு கிடைக்கும். ஆலை எந்த ஊரில் எழுந்தாலும் அக்கம்பக்கத்து ஊர்கள் அனைத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஊர்களுக்குள் பொறாமை குறைகிறது. வரியைக் குறைத்து ஆலையைப் பறிக்கும் ஆசையும் குறைகிறது. பெங்களூரைச் சுற்றிலும் இப்படிப்பட்ட பங்கீடு ஒன்று வருமானால், பொம்மசந்திரத்து ஆலை தரும் வரி, தொழிலாளர் வாழும் சந்தாபுரத்துச் சாக்கடைக்கும் பயன்படும்.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன அறிவுரையை நம்மில் பலர் பள்ளியில் படித்திருப்போம். விளைந்த நெல்லை அறுத்து அளந்து கொடுத்தால் சிறு வயலும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலில் இறங்கினால், வாயில் போவதைவிடக் காலில் அழிவது மிகுதி. குடிகளிடம் அளவறிந்து வரி வாங்குக என்று மன்னனுக்கு அவர் சொன்னார். அளவறிந்து வாங்குவது எவ்வளவு முக்கியமோ, வாங்கியதை இடமறிந்து பகிர்வதும் இன்று அவ்வளவு முக்கியமாகிவிட்டது.

அரசாங்கங்கள் செய்ய வேண்டியவை இவை. நாம் செய்து கொள்ள வேண்டியவையும் சில உண்டு.

தொழிற்சாலை இடம் மாறும்போது தொழிலாளி முதலில் பார்க்க வேண்டியது தன் பணிக்காலம் தொடர்கிறதா என்பதே. 1996 ஜூலையில் உச்சநீதிமன்றம் டில்லியிலிருந்து 168 அபாயகரமான தொழிற்சாலைகளை வெளியேற்ற உத்தரவிட்டது. அதற்குக் காரணம் வரி அன்று, மாசு. ஆயினும் அந்தத் தீர்ப்பில் தொழிலாளர் நலனுக்காகக் கூறியவை என்றும் நினைவில் வைக்கத் தக்கவை. புதிய இடத்திலும் வேலை தொடர வேண்டும். இடைக்காலம் பணிக்காலமாகவே கொள்ளப்பட வேண்டும். குடிபெயரும் செலவுக்காக ஓராண்டுச் சம்பளம் ஊக்கத் தொகையாகத் தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. எல்லா இடமாற்றத்துக்கும் அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. ஆனால் ஆலை நகரும்போது மனிதனைப் பழைய சாமானைப் போல் விட்டுச் செல்லலாகாது என்ற நியாயத்தை அது நாட்டுக்கு உணர்த்தியது.

ஆகவே, புதிய இடத்தில் புதிய கம்பெனிப் பெயரில் புதிய நியமன உத்தரவு என்று நீட்டினால், கையெழுத்திடுமுன் படியுங்கள். படிக்க இயலாவிடில் தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை கிடைக்க ஐந்து ஆண்டு தொடர்ந்த பணி தேவை. நான்கரை ஆண்டு உழைத்தவர் அந்த ஒரு தாளால் முதல் நாளுக்குத் திரும்பிவிடக் கூடும். பழைய பணிக்காலம் சேர்த்துக்கொள்ளப்படும் என்ற ஒரு வரியை எழுத்தில் கேட்டு வாங்குவது நம் உரிமை. வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் ஒவ்வொருவருக்கும் நிலையான ஒரே எண் உண்டு. ஆலை மாறினாலும் அந்த எண்ணே தொடர வேண்டும். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணும் அப்படியே. மருந்தகத்தை மட்டும் புதிய குடியிருப்புக்கு அருகில் மாற்றிக்கொள்ளலாம். குடும்ப அட்டையை வைத்து வெளி மாநிலத்திலும் உணவுப் பொருள் பெறும் வசதி உண்டு. இந்த மூன்றையும் இடம் மாறிய முதல் மாதத்திலேயே சரி பார்த்துக்கொள்வது நன்று.

அடுத்தது வாக்கு. நாம் எங்கே வழக்கமாக வாழ்கிறோமோ அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. பொங்கலுக்குப் போகும் ஊரில் பெயரை வைத்துக்கொண்டு, ஆண்டு முழுதும் நடக்கும் தெருவுக்கு விளக்குக் கேட்டால் யார் செவிசாய்ப்பார்கள்? பிறந்த ஊரின் மேல் உள்ள பாசம் குறைய வேண்டியதில்லை. வாழும் ஊரின் மேல் உள்ள உரிமையை விட வேண்டியதுமில்லை. கிராம சபை கூடும் நாளில் செல்லுங்கள். ஊரிலுள்ள தொழிற்சாலைகள் எவ்வளவு வரி கட்டின, நிலுவை எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்று பணிவோடு கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கன்னடத்தில் கேட்கத் தெரிந்திருப்பது மிக நன்று. வரி ரசீதும் அறிவிப்புப் பலகையும் கன்னடத்தில் உள்ளன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்கே ஊர் தன் கணக்கைக் காட்டும். பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்வதால் எந்த மொழிக்கும் நஷ்டம் இல்லை.

வீடு வாங்கும் எண்ணமுள்ளவர்களுக்கும் ஒரு சொல். ஆலை வந்துவிட்டது, இனி நிலம் ஏறும் என்று கடன் வாங்கி மனை வாங்குவோர் பலர். வந்த ஆலை இன்னும் 20 ஆண்டுகளில் அடுத்த எல்லையைத் தாண்டவும் கூடும். குடிநீர், பள்ளி, மருத்துவமனை, ரயில் ஆகிய நான்கும் உள்ள ஊரா என்று பாருங்கள். அவை உள்ள ஊர், ஒரு தொழில் போனாலும் மற்றொரு தொழிலை ஏற்று நிற்கும். வரி குறைவு என்ற ஒரே பெருமை உள்ள ஊர், அதைவிடக் குறைந்த வரி உள்ள ஊர் எழும் நாளில் வெறிச்சோடிவிடும்.

தொழில் இடம் பெயர்வது புதிதும் அன்று, தீதும் அன்று. நகரத்தின் மூச்சு முட்டலிலிருந்து ஆலைகள் வெளியே வருவதால் கிராமத்துக்கு வேலையும் ஒளியும் வருகின்றன. அந்த ஆலைகள் கட்டும் வரியும், அங்கே உழைக்கும் மனிதர் வாழும் தெருவைத் தேடி வரவேண்டும். அதற்காகக் குரல் கொடுக்கும் தகுதி, எல்லைகளைக் கடந்து வந்து வாழும் நமக்கு மற்றவரைவிடச் சற்று அதிகமாகவே உண்டு. ஒரு மாநிலத்தில் பிறந்து மற்றொரு மாநிலத்தில் உழைக்கும் நாம், எல்லையின் இரு பக்கத்தாரையும் உறவினராக அறிந்தவர்கள் அல்லவா?